சாங்கானில் தங்கிவிட்டவள்

பக்கத்துக் கடை ஷாவ் அக்கா ஊறுகாய் விற்கிறாள், வினிகர் விற்கிறாள், ஊர்வம்பை இலவசமாகவே தருகிறாள். மதியம் பன்னிரண்டு அடித்தால் மட்டும் அவளிடம் யாரும் எதுவும் வாங்க முடியாது. போனைத் தூக்கிக்கொண்டு என் நூடுல்ஸ் கடைக்கு வந்து அடுப்புக்குப் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்துவிடுவாள். அந்த நேரத்துக்குத்தான் தினமும் அவளுடைய தொடர்கதையில் ஒரு அத்தியாயம் வெளியாகும். எனக்கும் அந்த நேரத்தில்தான் கூட்டம் நெரியும் என்பதெல்லாம் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை.

எல்லாம் ஒரே மாதிரிக் கதைகள். இந்தக் காலத்துப் பெண் ஒருத்தி காரில் அடிபடுவாள், இல்லாவிட்டால் தண்ணீரில் விழுவாள். கண்ணைத் திறந்தால் ஆயிரம், இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தின அரண்மனையில் கிடப்பாள். ஒரு இளவரசனோ தளபதியோ வந்து நிற்பான். எங்கள் நாட்டில் பாதிப் பெண்கள் பஸ்ஸில் போகும்போதே இப்படிப் பழங்காலத்துக்குப் போய்விட்டு, இறங்க வேண்டிய நிறுத்தத்தைக் கோட்டை விடுகிறார்கள். எனக்கு இதிலெல்லாம் பொறுமை இருந்ததில்லை. என் மகள் பெய்லானே அப்படிக் கதை எழுதுகிறவள்தான். ஆனால் நான் ஒரு வரி படித்தவளில்லை. 'பனிக்காலப் பேரிக்காய்' என்று புனைபெயர் வைத்திருந்தாள். "மார்க்கெட்ல ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடக் கூடாதும்மா, முக்கியமா ஷாவ் பெரியம்மாகிட்ட" என்று என் வாய்க்குப் பூட்டுப் போட்டிருந்தாள். நானும் திறக்கவில்லை.

பெய்லான் இந்த வசந்தத்தில் போய்விட்டாள். காய்ச்சல் என்று படுத்தாள். கிருமி இதயத்தில் இறங்கிவிட்டது என்றார் டாக்டர். அவள் அப்பா எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார்; எனக்கு இருந்தது அவள் ஒருத்திதான். இதை எப்படிச் சொன்னாலும் அதுவேதான், அதனால் இத்தோடு விடுகிறேன்.

செத்தவர்கள் ஏழாம் நாள் ராத்திரி வீட்டுக்கு ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். அவளுக்குப் பிடித்த மிளகாய் எண்ணெய் நூடுல்ஸ் ஒரு கிண்ணம் வைத்தேன். காலடி பதியட்டும் என்று வாசலில் மாவைத் தூவினேன். வீட்டில் இருக்கிறவர்கள் போர்வைக்குள் புகுந்து கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். நம்மைப் பார்த்துவிட்டால் அவர்களுக்குப் போக மனசு வராது. நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். விடிந்து பார்த்தால் மாவு தூவினபடியே கிடந்தது. ஒரு எலிகூட நடந்திருக்கவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் கிண்ணத்தை அப்படியே கொண்டுபோய்த் தொட்டியில் கவிழ்த்தேன்.

வீட்டில் உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று அன்றைக்கே கடையைத் திறந்தேன். மதியம் ஷாவ் அக்கா வந்தாள்.

"குவோ, நீ பாட்டுக்கு மாவை இழு. நான் சத்தமாப் படிக்கிறேன். உனக்கும் மனசு கொஞ்சம் மாறும்," என்றவள், போனைத் தேய்த்துவிட்டுச் சந்தோஷமாகச் சொன்னாள். "பனிக்காலப் பேரிக்காய் இன்னிக்கும் போட்டுட்டா பாரு. மழையோ புயலோ, ஒரு நாள் தவறினதில்ல இந்தப் பொண்ணு."

நூடுல்ஸுக்காக இழுத்துக்கொண்டிருந்த மாவு அறுந்து மேஜையில் விழுந்தது.

"யாருக்கா?"

"எழுதறவளோட பேருடி. என்ன பேரு வச்சிருக்கா பாரு, பழக்கடைக்காரி மாதிரி."

அவள் படித்தாள். மிங்ஷா என்று ஒரு பெண். மழையில் வழுக்கிப் பழைய கிணறு ஒன்றில் விழுந்து, ஹான் பேரரசு காலத்துச் சாங்கானில் போய் எழுந்தவள். சாங்கான் என்றால் வேறெங்கும் இல்லை, எங்கள் ஊர்தான், அதன் பழைய பெயர். அந்தக் காலத்து அரண்மனை இருந்த இடம் மண்மேடாகக் கிடக்கிறது; அங்கே போய் இப்போது பட்டம் விடுகிறார்கள். அங்கே மிங்ஷாவுக்குத் தளபதி லூ என்று ஒருவன். அன்றைய அத்தியாயத்தில் அவன் போருக்குப் புறப்பட, இவள் அடுப்பு மூட்டக் கற்றுக்கொண்டு கையைச் சுட்டுக்கொள்கிறாள். 'ஸ்ஸ் என்று விரலைக் காது மடலில் வைத்துக்கொண்டாள்' என்று வந்தது. அது பெய்லான் செய்வது. சுட்டால் அவள் விரல் நேராகக் காதுக்குத்தான் போகும்.

வாசல் வழியாக வராதவள் போன் வழியாக வந்துவிட்டாள் என்று நினைத்தேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். ஏழாம் நாளுக்கு மறுமதியம் செத்துப்போன பிள்ளை எழுதியது வந்து விழுந்தால் நீங்கள் வேறு என்ன நினைப்பீர்கள்?

ஷாவ் அக்காவிடம் சொல்லவில்லை. சொன்னால் மார்க்கெட் முழுக்கத் தம்பட்டம் அடித்துவிடுவாள், படிக்கிறவர்கள் எல்லோரும் அழ ஆரம்பிப்பார்கள், அதோடு பெய்லான் வருவது நின்றுவிடும் என்று பயந்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு, தினமும் மதியம் படிக்கச் சொல்லிக் கேட்டேன். கூட்டம் சத்தம் போட்டால் கரண்டியைக் காட்டினேன். ஒரு நாள் பொறுக்காமல் கேட்டேன்.

"இந்தப் பொண்ணு தன் அம்மாவை நெனைக்கவே மாட்டாளாக்கா?"

"எந்த அம்மாவை? அவ அநாதை. அம்மாவை முதல் அத்தியாயத்துலயே கொன்னாச்சு."

எனக்குச் சுருக்கென்றது. நான் இங்கே குத்துக்கல்லாக இருக்கிறேன், இவள் முதல் பக்கத்திலேயே என்னைப் புதைத்துவிட்டாளா? அன்றைக்கு நான் வைத்த சூப்பில் உப்பில்லை என்று மூன்று மேஜையில் சொன்னார்கள்.

அப்புறம் ஒரு நாள் பெய்லானின் போன் அடித்தது. ஆஸ்பத்திரியில் இருந்தபோது கடவு எண்ணை எனக்குச் சொல்லியிருந்தாள். பேசியது கதை வெளியிடுகிற தளத்தின் ஆசிரியை, ஜி என்று ஒரு சின்னப் பெண். எத்தனை செய்தி அனுப்பியும் பதில் இல்லையே என்று கேட்டாள். விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் அழுகைதான் கேட்டது.

"அப்ப தினமும் எழுதறது யாரும்மா?" என்று நான் கேட்டேன்.

"யாரும் எழுதலம்மா. எழுதறவங்க எல்லாருமே முன்கூட்டியே எழுதிப் பெட்டியில போட்டு வச்சிடுவாங்க. நேரம் குறிச்சு வச்சா அது தானா வெளியாகும். பெய்லான் ரொம்ப முன்னாடியே எழுதிடுவா. கதையை முடிச்சே வச்சிருக்கா." அவள் மூக்கை உறிஞ்சினாள். "நிறுத்தணும்னா நிறுத்திடலாம்மா. உங்க இஷ்டம்."

"நிறுத்த வேணாம்," என்றேன். "அந்த மிங்ஷா கடைசியில வீட்டுக்கு வர்றாளா?"

"இல்லம்மா. கிணறு ஒரு தடவை திறக்கும். அவ வர மாட்டேன்னு அங்கேயே இருந்துடறா. சந்தோஷமான முடிவுதான்."

யாருக்குச் சந்தோஷம்?

பெய்லானின் போனில் அந்தப் பெட்டியை எங்கே போய்ப் பார்ப்பது என்று அந்தப் பெண்ணிடமே கேட்டுக்கொண்டேன். உள்ளே சில அத்தியாயங்கள்தான் மீதி இருந்தன. தினமும் மதியம் அதில் ஒன்று குறைந்தது. மாவு டின்னில் அடி தட்டும்போது வருமே ஒரு கலக்கம், அப்படி இருந்தது. ஷாவ் அக்காவோ கிணறு திறக்கப் போகிறது என்று தலைகால் புரியாமல் கிடந்தாள்.

"திரும்பிப் போகாத, போகாதன்னு படிக்கிற நாங்க எல்லாரும் கதைக்குக் கீழ எழுதித் தள்ளிக்கிட்டிருக்கோம்."

"ஏன், வரட்டுமே. அவ ஊரு இதுதானே."

"இங்க வந்து? பஸ்ல நசுங்கறதுக்கா? அங்க அவளுக்காகத் தளபதி லூ உசிரை விடறான். உன் புருஷன் உனக்கு ஒரு பூண்டு உரிச்சுக் குடுத்திருப்பானா?"

"உரிச்சிருக்காரு."

"எப்ப, கனவுலயா?"

கடைசி அத்தியாயம் வரவேண்டிய நாளுக்கு முந்தின நாள் பிற்பகல், கூட்டம் ஓய்ந்த பிறகு, கதவைப் பாதி சாத்திக்கொண்டு பெய்லானின் போனோடு உட்கார்ந்தேன். பெய்லான் எழுதியதை அழிக்க மனசு வரவில்லை. அது வெளியாக வேண்டிய தேதியை எடுத்துவிட்டு ஓரமாக ஒதுக்கிவைத்தேன். எனக்கு எழுத்து ஓடாது. பேசினால் போனே எழுதிக்கொள்ளும் என்பதால் பேசினேன். மிங்ஷா கிணற்றிலிருந்து ஏறி வருகிறாள். தலையெல்லாம் ஈரம். பஸ் பிடித்து மார்க்கெட்டுக்கு வருகிறாள். அங்கே அவளுடைய அம்மா நூடுல்ஸ் கடையில் நிற்கிறாள். 'எங்கேடி போன இத்தனை நாள்' என்று திட்டிவிட்டு, ஒரு கிண்ணம் நிறையப் போட்டுத் தருகிறாள். அவள் சாப்பிடுகிறாள். இன்னொரு கிண்ணம் கேட்கிறாள். அவ்வளவுதான். மறுநாள் மதியத்துக்கு நேரம் குறித்துவைத்தேன். அன்றைக்கு எனக்கு இருந்த நிம்மதியை என்னவென்று சொல்வேன். ஒரு இடத்திலாவது பிள்ளை வீடு வந்து சேர்ந்துவிட்டாள்.

மறுநாள் ஷாவ் அக்கா படிக்கப் படிக்க அவள் குரல் ஏறியது.

"என்னடி இது கண்றாவி? யாரோ கணக்கைத் திருடி எழுதியிருக்கான். பஸ் பிடிச்சு வந்தாளாம், நூடுல்ஸ் தின்னாளாம். இதுக்கா ரெண்டாயிரம் வருஷம் போனா? தளபதி லூ என்ன ஆனான்? எல்லாரும் பிளேடு அனுப்பறேங்கறாங்க பாரு."

பிடிக்காத முடிவு எழுதினால் எழுதியவளுக்குப் படிக்கிறவர்கள் பிளேடு அனுப்புவது வழக்கம். ஷாவ் அக்காவும் ஒரு தடவை யாருக்கோ அனுப்பியிருக்கிறாள்.

"அம்மா இருந்தா வீட்டுக்கு வர மாட்டாளா?" என்றேன். மாவை இழுக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"அம்மாதான் இல்லையே! செத்தவ எங்கேயிருந்து வந்து கடை வச்சா? இரு, இதை நானே அந்தப் பொண்ணுகிட்ட ஒரு தடவை கேட்டிருக்கேன். ஏம்மா, இந்தக் கதையில எல்லாம் பொண்ணுங்களை அநாதையாவே ஆக்கறீங்க, ஒரு அம்மா இருந்தா என்ன குறைஞ்சு போச்சுன்னு கேட்டேன். பதில்கூடப் போட்டா, தங்கமான பொண்ணு. தேடித் தர்றேன், கேளு."

அவள் போனைத் தள்ளித் தள்ளித் தேடினாள். நான் அடுப்பைத் தணித்தேன்.

"ஆங். 'பெரியம்மா, நானும் முதல்ல அம்மாவை வச்சுத்தான் எழுதிப் பார்த்தேன். கதை நகரவே மாட்டேங்குது. வீட்டுல அம்மா இருந்தா இவளால அங்க ஒரு நாள்கூட இருக்க முடியல. அரண்மனை, தளபதி எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு, நகத்தால மண்ணைத் தோண்டியாவது வந்துடறா. என்னால நிறுத்தவே முடியல. அதான் மனசைக் கல்லாக்கிக்கிட்டு அம்மாவை எடுத்துட்டேன்.' இந்தா, பக்கத்துல ஒரு அழுகிற பொம்மை வேற போட்டிருக்கா."

ஒருத்தர் பணத்தை மேஜையில் வைத்துவிட்டுப் போனார். மீதி கொடுக்க எனக்குத் தோன்றவில்லை.

என்னைப் பிடிக்காமல் அவள் என்னை எடுக்கவில்லை. அம்மா இருந்தால் அந்தப் பெண் வந்துவிடுவாள் என்று எடுத்திருக்கிறாள். சரி, நான் இருக்கிறேன். இங்கேதான் இருக்கிறேன், இதே கடையில். அப்படியும் பெய்லான் வரவில்லை என்றால் அவளால் வர முடியவில்லை என்றுதானே அர்த்தம்? மாவில் ஏன் தடம் இல்லை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. வர முடிந்திருந்தால் வந்திருப்பாள். பெற்றவளுக்கு இது கடைசியாகவா புரிய வேண்டும்?

அன்று பிற்பகல் நான் பேசி வைத்ததை எடுத்துவிட்டேன். அவள் எழுதியதைத் திரும்ப அதன் இடத்தில் வைத்தேன்.

அடுத்த நாள் மதியம் ஷாவ் அக்கா அதைப் படித்தாள். கிணறு திறக்கிறது. மிங்ஷா விளிம்பில் உட்கார்ந்து கீழே பார்க்கிறாள். அடியில் எங்கள் ஊர் விளக்குகள் தெரிகின்றன. 'அங்கே எனக்கென்று யாரும் விளக்கேற்றி வைக்கவில்லை' என்று சொல்லிவிட்டு எழுந்து தளபதியோடு நடந்து போகிறாள். பின்னால் கிணறு மூடிக்கொள்கிறது. ஷாவ் அக்கா மேலங்கி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும். இனி அடுத்த கதைக்குக் காத்துக் கிடக்கணும். எப்ப ஆரம்பிப்பாளோ."

"அவ இனி எழுத மாட்டாக்கா."

"உனக்கெப்படித் தெரியும்?"

"அது நம்ம பெய்லான்."

ஷாவ் அக்கா போனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். எழுந்து போய்க் கடைக் கதவைச் சாத்தினாள். சாப்பிட்டுக்கொண்டிருந்த இரண்டு பேரும் கிண்ணத்தோடு உள்ளேயே மாட்டிக்கொண்டார்கள். திரும்பி வந்து மாவு படிந்த என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் என்னடி பண்ணட்டும்? சொல்லு, நான் என்ன பண்ணட்டும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"முதல் அத்தியாயத்தை எடுக்கா. நான் நடுவுலேர்ந்துதானே கேட்டேன்."

"முழுசும் படிக்கட்டுமா?"

"வேணாம். அவ கிணத்துல விழறதுக்கு முன்னாடி, நம்ம ஊர்ல நடந்து வருவாள்ல, அது மட்டும்."

அவள் தேடி எடுத்தாள். திரையைத் துடைத்தாள், கண்ணைத் துடைத்தாள், மறுபடி திரையைத் துடைத்தாள்.

"அது நாலஞ்சு வரிதான் இருக்கு, குவோ."

"இருக்கட்டும். மெதுவாப் படி."