சந்தன நிறத் துணி சுற்றிய எட்டுப் பொட்டிகள்

1

இந்தக் கதை ஒரு துணியிலிருந்து வந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பொள்ளாச்சி சாலையில் ஒரு புது மண்டபம். உறவில் ஒரு நிச்சயதார்த்தம். எனக்கு முன்வரிசையில் தொப்பி அணிந்த பெரியவர் ஒருவர், தலைக்கு மேல் துணி சுற்றித் தொங்கிய ஸ்பீக்கரைக் காட்டி எதையோ புகழ்ந்துகொண்டிருந்தார். பக்கத்தில் நின்றவனுக்கு வேர்த்துக் கொட்டியது. ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது.

ஏன் வேர்க்கிறது என்று கேட்டிருக்கலாம். கேட்டால் செய்தியாகிவிடும். கேட்காமல் வீட்டுக்கு வந்தேன்.

2

எழுதிப் பார்த்த முதல் வரிகள்:

உக்கடத்தின் மேல் மாலை வெயில் பொன்னாக உருகி

(வேண்டாம். உக்கடத்தில் உருகுவது தார்.)

ஒலி என்பது என்ன? அது காற்றில்

(எனக்கும் தெரியாது.)

துடியலூர் ரிஃபத்துக்கு யாரிடமும் வேண்டாம் என்று சொல்ல வராது.

இது நிற்கட்டும்.

3

ரிஃபத் மண்டபங்களுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் ஒலிபெருக்கி மாட்டித் தருபவன். தனியாகத் தொழில் தொடங்கியபின் கிடைத்த முதல் பெரிய வேலை இந்த மண்டபம். உரிமையாளர் சாந்தாமணி கறாராகச் சொல்லியிருந்தார். ஒரு நிச்சயதார்த்தத்துக்கு மாட்டிக் காட்ட வேண்டும். பிடித்தால் வேலை அவனுக்கு. பிடிக்காவிட்டால் அவன் பழைய முதலாளியிடமே ஏணி பிடிக்கத் திரும்பிப் போக வேண்டியதுதான்.

எட்டுப் பொட்டி தேவை. (ஸ்பீக்கரை அவன் ஸ்பீக்கர் என்று சொல்வதில்லை. பொட்டி.) யாரிடம் எடுப்பது?

ஒருவர் கோட்டைமேட்டு மொத்த வியாபாரி அப்துல் கையூம். அவர் கடைக் காலண்டரில் முகூர்த்த நாட்களுக்கெல்லாம் வட்டம் போட்டிருக்கும். அன்றைக்கு வெளியூர் போகமாட்டார். கல்யாணத்துக்கு நடுவே ஆம்ப்ளிஃபயர் செத்துப்போனது என்று போன் செய்தால், தாலி கட்டுவதற்குள் வேறொன்று ஸ்கூட்டரில் வந்துவிடும். அவர் பொட்டிகளில் ஒரே குறை, பேசுவது புரியாது.

இன்னொருவர் காந்திபுரம் அருண்குமார். அவர் பொட்டியில் மைக்கில் பேசுகிறவர் மூச்சு வாங்குவதுகூடக் கேட்கும். முகூர்த்த நாளில் அவருக்குப் போன் செய்தால் மணி மட்டும் அடிக்கும்.

இதில் என்ன கஷ்டம் என்பீர்கள். கையூம், ரிஃபத்தின் மாமனார்.

(மூன்றாவது வரைவில்தான் மாமனார் ஆனார். அதுவரை கதை நகரவில்லை.)

4

அருண்குமாரை வில்லனாக்கப் பார்த்தேன். கறுப்புக் கண்ணாடி மாட்டினேன். அவர் பேசியதும் கழற்றிவிட்டேன்.

“எடுத்துட்டுப் போங்ணா. மாட்டிப் பாருங்ணா. புடிக்கலீன்னா திருப்பிக் குடுத்துருங்ணா.”

இப்படிப் பேசுகிறவரை என்ன செய்வது? நாலு பொட்டி வண்டியில் ஏறிவிட்டது. கோட்டைமேட்டில் மாமனாரும் நாலு பொட்டி ஏற்றினார். கூடவே மகளுக்கு ஒரு தூக்குவாளி நிறைய பிரியாணி.

ரிஃபத்தின் மனைவி ஜன்னத் பிரியாணியை மட்டும் இறக்கி வைத்தாள்.

“அத்தா பொட்டி வேண்டாம்னா நேரா சொல்லிருங்க. கோவிச்சுக்க மாட்டாரு. சிரிச்சுட்டு எந்திரிச்சுப் போயிருவாரு. அதுக்கப்புறம் நீங்க கூப்பிட்டா போன் எடுக்க மாட்டாரு, அவ்வளவுதான்.”

ரிஃபத் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. மண்டபத்தின் இடப்பக்கம் மாமனாருடைய நாலு, வலப்பக்கம் அருண்குமாருடைய நாலு என்று மாட்டினான். இரண்டு பேருக்கும் மனக்கஷ்டம் இல்லை. கறுப்புப் பொட்டி பூ அலங்காரத்துக்கு எடுப்பாக இல்லை என்று சாந்தாமணி எல்லாவற்றுக்கும் சந்தன நிறத்தில் துணி சுற்றச் சொன்னார். சுற்றியதும் எட்டும் ஒன்றுபோல் ஆயின. பார்வைக்கு.

5

நிச்சயத்தன்று மாப்பிள்ளை வீட்டார் இடப்பக்கம் உட்கார்ந்தார்கள். பெண் வீட்டார் வலப்பக்கம்.*

வேறு ஊராக இருந்தால் அடுத்து நடந்ததை ஒலிக்கோளாறு என்றிருப்பார்கள். பத்திரிகை வாசித்து முடித்ததும் மாப்பிள்ளையின் பெரியப்பா செங்கோடன் எழுந்து நின்றார்.

“ஏனுங்க, பொண்ணு ஊட்டுக்காரங்களுக்கு ஒரு சவுண்டு, எங்களுக்கு ஒரு சவுண்டுங்களா? அங்க முகூர்த்தத் தேதி வரைக்கும் கேட்டுச்சாமா. எங்களுக்குத் தண்ணித் தொட்டிக்குள்ள பேசுனாப்ல இருக்குது.”

பெண்ணின் அப்பா, தான் அப்படி ஏற்பாடு செய்யவில்லை என்றார். செங்கோடன், செய்ததாகத் தான் சொல்லவில்லை என்றார். இரண்டு பேரும் மிக மரியாதையாகப் பேசிக்கொண்டார்கள். அதுதான் பயமாக இருந்தது.

சாந்தாமணி, ரிஃபத் உட்கார்ந்திருந்த மிக்ஸர் மேசைக்கு வந்து குனிந்தார். “ரெண்டு பக்கமும் ஒண்ணாட்டக் கேக்கோணும் தம்பி. இல்லீன்னா நீங்க கழட்டிக்கிட்டுக் கெளம்பிருங்க.”

இடப்பக்கத்தைத் தெளிவாக்க வழியில்லை. வலப்பக்கத்தைக் கெடுக்கலாம். ரிஃபத்தின் கை திருகு மேல் போனது.

(கெடுத்திருந்தால் கதை இங்கே முடிந்திருக்கும். எல்லோருக்கும் சமமாகப் புரியாமல்.)

* நான் பெண் வீடு. எனக்கு எல்லாம் கேட்டது.

6

இங்கே கதை நான் பார்த்த இடத்துக்கு வந்து சேர்கிறது.

மருமகனின் முதல் பெரிய வேலையைப் பார்க்க வந்த கையூம், தாமதமாக வந்ததால் வலப்பக்கம், பந்திக்கூடத்துக்குப் போகும் கதவோரம் உட்கார்ந்திருந்தார். தலைக்கு மேலே அருண்குமாரின் பொட்டி. ரிஃபத் திருகைத் திருப்பும் முன் அவர் கையசைத்து அவனைக் கூப்பிட்டார். சாந்தாமணியும் கூடவே போனார்.

“பாத்தீங்களா மாப்ளே, நம்ம பொட்டி என்னமாப் பேசுது! இத்தனை வருசம் விக்கிறேன், இன்னைக்குத்தான் உக்காந்து கேக்குறேன்.”

ரிஃபத்துக்கு வேர்க்கத் தொடங்கியது.

“அந்தப் பக்கம் எவன் பொட்டி? காந்திபுரமா? தகர டப்பா. மொதல்ல அதைக் கழட்டுங்க. எட்டுமே நம்மளதாப் போட்டுருங்க.”

சாந்தாமணிக்கு முகம் தெளிந்தது. “பெரியவர் சொல்றதுதான் சரி. தலைக்கு மேல இருக்கறதையே ரெண்டு பக்கமும் மாட்டிப்போடுங்க. வேலை உங்களுக்குத்தான் தம்பி.”

அப்படியாக, அருண்குமாரின் பொட்டிகளுக்கான சிபாரிசைக் கையூமே செய்துவிட்டார். வேலையும் கிடைத்துவிட்டது. மிச்சம் இருப்பது ஒரு வாக்கியம்.

“மாமா, அந்தப் பொட்டி வந்து

7

ரிஃபத் அதைச் சொல்லி முடிப்பதாக ஒரு முடிவு எழுதினேன். கையூம் சிரித்தார். எழுந்தார். அடுத்த முகூர்த்தத்தில் ஆம்ப்ளிஃபயர் செத்தது. கிழித்தேன்.

சொல்லாமல் மாமனார் பொட்டிகளையே எட்டு மாட்டுவதாக ஒன்று. கல்யாணத்தன்று மைக்கில் பேசியது புரியாமல் சாந்தாமணி தலைக்கு மேலே பார்த்தார். அதையும் கிழித்தேன்.

அருண்குமாரிடம் வாங்கி, கையூமிடம் வாங்கியதாக

(இது எழுதும்போதே பிடிபட்டுவிட்டது. கடை அவருடையது. ஸ்டாக் அவருக்குத் தெரியாதா?)

ஆகவே ரிஃபத்தை அங்கேயே, வாய் பாதி திறந்தபடி நிறுத்தியிருக்கிறேன். பாவம்தான்.

உங்களுக்கு அந்தப் பக்கம் ஒரு கல்யாணப் பத்திரிகை வராமலா போகும்? மண்டபத்தில் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் உட்காருங்கள். பந்திக்குப் போகும்முன் ஒரு நாற்காலி மேல் ஏறி, துணியை லேசாகத் தூக்கிப் பாருங்கள். கம்பெனிப் பெயர் இருக்கும், யார் கடைப் பொட்டி என்று தெரிந்துவிடும். அதுதான் முடிவு.

பக்கத்தில் தொப்பி அணிந்த பெரியவர் யாராவது உட்கார்ந்திருந்தால் மட்டும் தூக்காதீர்கள். பொட்டி நன்றாகப் பேசுகிறது என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போங்கள்.