பக்கத்துக் குழி

“வந்தது வந்துட்ட. பக்கத்துலயே இன்னொண்ணும் வெட்டிடுப்பா. மறுபடி ஒருக்கா வண்டிய எதுக்கு இழுத்துக்கிட்டு வரணும்?”

ஜே.சி.பி. டிரைவரிடம் நாராயணப்பன் இதைத் தண்ணீர்க் குழாய்க்குப் பள்ளம் வெட்டச் சொல்கிற குரலில்தான் சொன்னார். அவர் மனைவி வெள்ளையம்மாவுக்கான குழி அப்போதுதான் தயாராகியிருந்தது. டிரைவர் அத்திப்பள்ளிப் பக்கத்துக் கன்னடக்காரன், தமிழ் பாதிதான் புரியும். பெரியவர் விரல் நீட்டிய இடத்தில் பக்கெட்டை இறக்கிவிட்டான். என்ன ஏது என்று மற்றவர்களுக்கு உறைப்பதற்குள் ரோஜாத் தோட்டத்து ஓரம் இரண்டு குழிகள் ஜோடியாகக் கிடந்தன. “ஆய்த்து அண்ணா”, முடிந்தது என்று இறங்கி வந்து பீடியைப் பற்றவைத்தான் அவன்.

கூட்டம் உருகிப் போய்விட்டது. “கட்டுனா இப்படி ஒரு ஆம்பளையக் கட்டணும்” என்றாள் ஒரு சித்தி, முந்தானையால் மூக்கைத் துடைத்தபடி. “புருசனும் பொண்டாட்டியும் ஒண்ணாப் போய்ச் சேர்றதுக்கெல்லாம் குடுத்து வெச்சிருக்கணும்” என்றார் இன்னொருவர். மகன் திருமலை மட்டும் உருகவில்லை. அம்மா போன துக்கம் ஓரமாக ஒதுங்கிக்கொள்ள, அந்த இடத்தில் பயம் வந்து சட்டமாக உட்கார்ந்துவிட்டது.

அவனுக்கு ஓசூரில் கார் பாகங்கள் செய்கிற கம்பெனியில் ஷிப்ட் வேலை. மனைவி மேகலாவோடு ஜூஜுவாடியில் வாடகை வீடு. பேரிகையில் தோட்டத்து வீட்டில் அப்பாவும் அம்மாவும்தான். பக்கவாதம் வந்து அம்மா படுத்த படுக்கையானதிலிருந்து எல்லாமே அப்பா பார்த்துக்கொண்டார். நேற்று விடியற்காலையில் தூக்கத்திலேயே அவள் போய்விட்டாள். இனி இந்த வீட்டில் அப்பா மட்டும்.

அடக்கம் முடிந்து, குளித்துவிட்டு, சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். போகிற போக்கில் ஒரு பெரியவர் திருமலையின் காதில் ஓதினார்: “வெட்டுன குழிய வெறுமனே போட்டு வெக்கக் கூடாதுப்பா. அது ஆளக் கேக்கும்.” அவனுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் கண் என்னவோ அப்பாவைத்தான் தேடியது.

அப்பா மருமகளை மோட்டார் கொட்டகைக்கு அழைத்துப் போயிருந்தார். “இந்த வால்வத் தெறந்தா ரோஜாவுக்குத் தண்ணி. இது மாட்டுத் தொட்டிக்கு. மனசுல வெச்சிக்கம்மா.”

“எனக்கு எதுக்கு மாமா? அதான் நீங்க இருக்கறீங்களே” என்றாள் மேகலா. அவர் அடுத்த வால்வுக்கு நகர்ந்தார்.

கொஞ்ச நேரத்தில் பக்கத்துத் தோட்டத்துப் பூவம்மாளைக் கூப்பிட்டு மாட்டையும் கன்றையும் அவிழ்த்துக் கையில் கொடுத்துவிட்டார். “நீதான் நல்லா வெச்சிக்குவ, ஓட்டிக்கிட்டுப் போ.” அந்த மாட்டை விட்டுவிட்டு ஒரு ராத்திரி வெளியே தங்கமாட்டேன் என்று சொந்தத் தங்கை மகன் கல்யாணத்துக்கே போகாத மனிதர். பிறகு மேகலா போட்ட சோற்றை மறுபேச்சில்லாமல் சாப்பிட்டார். சாப்பிடமாட்டேன் என்று அடம்பிடித்திருந்தாலாவது திருமலைக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

“எனக்கென்னமோ சரியாப் படலைங்க” என்றாள் மேகலா, குரலைத் தாழ்த்தி.

“வாயக் கழுவு” என்று அவள் மேல் எரிந்து விழுந்தான். அதே நினைப்பு தனக்குள்ளும் ஓடிக்கொண்டிருக்க, அவளைச் சொல்லி என்ன செய்ய?

நாலு மணி வாக்கில் மெஹபூப் பாஷா வந்தார். இவர்கள் தோட்டத்து ரோஜாவை வாங்கிப் பெங்களூர் மார்க்கெட்டுக்கு அனுப்புகிற வியாபாரி. நாராயணப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு சமாதியில் ஒரு பிடி மண் போடப் போனபோது இரண்டாவது குழியைப் பார்த்தார். திருமலையின் தோளைப் பிடித்துத் தன் வேனுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார்.

“அது யாரு வெட்டச் சொன்னது?”

“அப்பாதான், பாய்.”

“மாடு எங்க?”

“பூவம்மாவுக்குக் குடுத்துட்டாரு.”

பாஷா தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார். “எங்கண்ணி மௌத்தானதும் எங்கண்ணனும் இப்படித்தான் தம்பி, ஒண்ணொண்ணா எடுத்து எல்லாருக்கும் குடுத்தாரு. எவ்ளோ பெரிய மனசுன்னு ஊரே சொல்லிச்சி. வீட்டுல எங்க எல்லாருக்கும் உள்ளுக்குள்ள பயம். ஆனா ஒருத்தரும் வாயத் தெறக்கல. கேட்டா நாமளே யோசன சொல்லிக் குடுத்த மாதிரி ஆயிடுமோன்னு விட்டுட்டோம்.” அதற்கு மேல் அவரால் சொல்ல முடியவில்லை. சொல்லவும் தேவையில்லை. “கேட்டா ஒண்ணும் அப்படி ஆயிடாது தம்பி. நீ கேளு. சுத்தி வளைக்காம கேளு. தோட்டத்து மருந்து டப்பா எல்லாத்தையும் என் வண்டில ஏத்து, நான் கொண்டு போயிடறன். பெரியாஸ்பத்திரில இதுக்குன்னு டாக்டருங்க இருக்காங்க. காலைல நானே வண்டி எடுத்துக்கிட்டு வர்றன். அதுவரைக்கும் அவரத் தனியா விடாத.”

ரோஜாவுக்கு அடிக்கிற பூச்சிமருந்தை ஒன்று விடாமல் இருவரும் வேனில் ஏற்றினார்கள். வேன் கிளம்பிய கையோடு திருமலை வீட்டுக்குள் போனான். அப்பாவின் கட்டில் காலியாக இருந்தது.

“அப்பா எங்க?”

“வாசல்ல உங்ககூடத்தான் இருக்காருன்னு நெனச்சேன்” என்றாள் மேகலா.

மாட்டுக் கொட்டகையில் இல்லை. மோட்டார் கொட்டகையில் இல்லை. கடைசியாகக் கிணற்றுக்குப் போனான். எட்டிப் பார்த்தான், தண்ணீர் அசங்காமல் கிடந்தது. தனியா விடாதே என்று அந்த மனிதர் படித்துப் படித்துச் சொன்னாரே, பாவி, விட்டுட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டு ரோஜா வரப்பில் விழுந்தடித்து ஓடினான்.

அப்பா இரண்டாவது குழியின் விளிம்பில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

“என்னாடா இப்பிடி ஓடியார?”

திருமலை மூச்சு வாங்கியபடி அவர் பக்கத்தில் உட்கார்ந்து தானும் காலைக் குழிக்குள் தொங்கவிட்டான். மழை வந்ததா, மாத்திரை தீர்ந்ததா என்பதைத் தவிர அப்பாவிடம் அவன் எதுவும் கேட்டுப் பழகியவன் இல்லை.

“அப்பா, நீயா செத்துப் போயிடலாம்னு நெனக்கறியா?”

அறை விழும் என்று நினைத்தான். விழவில்லை. அப்பா எதிரே புதுமண் மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ரோட்டில் கம்பெனி பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

“நெனச்சன்” என்றார்.

திருமலை அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

“அவளத் தூக்கி உக்கார வெச்சி, மூஞ்சி கழுவி, கஞ்சி ஊட்டி, அதுக்கே பொழுது போயிடும். நாளைக்குக் காலைல எழுந்து நான் என்னாத்தச் செய்யறது? அத நெனச்சாத்தான் பயமா இருக்குது.” ஒரு மண்கட்டியை எடுத்துக் குழிக்குள் போட்டார். “காலைல நான் குழி வெட்டச் சொன்னப்ப எல்லாரும் என்னப் பாத்துக் கையெடுத்துக் கும்புட்டாங்க. ஏன்டான்னு ஒருத்தன் கேக்கலியே.”

“எனக்கும் பயமா இருக்குதுப்பா” என்றான் திருமலை. அம்மாவுக்காக வராமல் நின்றிருந்த அழுகை அப்போதுதான் உடைந்து வந்தது. அப்பாவின் கை அவன் பிடரியில் வந்து உட்கார்ந்தது.

அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு எழுந்தான். “இத மூடிடலாம்ப்பா.”

“வண்டிதான் போயிடுச்சே.”

“மம்பட்டி கெடக்குது.”

கையில் கிடைத்த பக்கத்திலிருந்து மண்ணைத் தள்ளத் தொடங்கினான். அப்பா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு அவருக்குப் பொறுக்கவில்லை.

“டேய், மேமண்ண ஏன்டா உள்ள தள்ற? அடிமண்ணு மொதல்ல போவணும். இப்பிடி மூடுனா இங்க ஒரு செடி வருமா? குடு இப்பிடி.”

மம்பட்டியைப் பிடுங்கி அவரே இழுத்தார். மூச்சு இளைத்ததும் மகன் வாங்கினான். மாற்றி மாற்றி இழுத்தார்கள். மேகலா டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டு வரப்பிலேயே உட்கார்ந்துகொண்டாள். பொழுது சாய்ந்தபோது குழி பாதிதான் தூர்ந்திருந்தது. திருமலையின் கையில் இன்னும் தெம்பு இருந்தது.

“போதும்டா” என்று அப்பா மம்பட்டியை மண்ணில் குத்தி நிறுத்தினார். “மீதிய நாளைக்குப் போட்டுக்கலாம்.”

“நாளைக்காப்பா?”

“வெயிலுக்கு முன்ன.”

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மருமகளோடு வீட்டைப் பார்த்து நடந்தார். திருமலை மம்பட்டியைக் கொட்டகைக்கு எடுத்துப் போகலாம் என்று பிடுங்கப் போனான். பிறகு வேண்டாம் என்று அது நின்ற இடத்திலேயே விட்டுவிட்டு, அவர்கள் பின்னால் நடந்தான்.