இருநூற்று அறுபது யூனிட்

செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணிக்கு மீட்டரைப் பார்த்த அழகேசன், விரலால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தான். சனிக்கிழமை சாயங்காலம் குறித்துவைத்த எண்ணைவிட இருநூற்று அறுபது யூனிட் கூடியிருந்தது. ஞாயிறு ஆயுத பூசை, திங்கள் விஜயதசமி. பூசை முடிந்த பிறகு ஆலையின் அலுவலகக் கட்டிடத்தில் ஆளே கிடையாது.

காட்ட வேண்டியது பூஜ்யம். மொட்டை மாடியில் பதித்த சூரியத் தகடுகள் தருவதை வைத்தே கட்டிடம் ஓட வேண்டும், வெளியிலிருந்து ஒரு யூனிட்கூட இழுக்கக் கூடாது என்பது மேலாளர் கலைச்செல்வனின் கணக்கு. முதலில் விடுமுறை நாட்களில். பிறகு எல்லா நாட்களிலும்.

"இந்த ரெண்டு நாளும் ஜீரோ காட்டுங்க. இல்லாட்டி அடுத்த மாசத்துலேர்ந்து திருச்சி கம்பெனி ஆள் பாத்துக்குவான்" என்று சொல்லியிருந்தார். அரியலூருக்கு வெளியே இந்த ஆலையில் தொண்ணூற்றைந்திலிருந்து பதினோரு வருஷமாகக் காண்ட்ராக்ட் எலக்ட்ரீசியன் அழகேசன். வேறு வேலை அவனுக்குத் தெரியாது.

பத்து மணிக்கு மேலாளர் வந்துவிடுவார். அதற்குள் திருடனைப் பிடிக்க வேண்டும். திருட்டு என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. இத்தனை யூனிட்டை டிவியும் ஃபேனும் தின்னாது. மோட்டார் ஓடியிருக்கிறது. மோட்டார் யாருக்குத் தேவை? வாட்ச்மேன் செல்லமுத்துவின் மச்சானுக்கு. மதில் சுவரை ஒட்டித்தான் அவன் சோளக்காடு. மூன்று வருஷமாகக் கனெக்‌ஷன் கேட்டு நடக்கிறான், இன்னும் வரவில்லை.

பின்பக்கம் போனால் நினைத்தபடியே ஒரு கறுப்பு ஒயர் மதில்மேல் ஏறி அந்தப் பக்கம் இறங்கியது. அழகேசனுக்குக் கோபத்தைவிடச் சந்தோஷம்தான் அதிகம். மதிலைத் தாண்டிக் குதித்தான். ஒயர் ஒரு வேப்பமரத்தில் போய் முடிந்தது. அந்த ஒயரில் இரண்டு பாவாடையும் ஒரு லுங்கியும் காய்ந்தன.

அவன் திரும்பி ஏறி வரும்போது, கூட்டிப் பெருக்கும் பாப்பாயி துடைப்பத்தோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன தம்பி, கேட்டு இருக்கையில செவுரு ஏறி வரீங்க? பொம்பளைங்க துணி காயிற எடத்துல என்ன சோலி?"

"உன் சோலியப் பாரு."

அவள் சோலி என்ன என்று அப்போதுதான் கவனித்தான். ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டும் குழாய்களுக்கு அடியில் வாளி, குடம், ஒரு பிளாஸ்டிக் டிரம். எல்லாம் ததும்பி, மண்ணும் சேறாகிக் கிடந்தது.

"ஏது இவ்வளவு தண்ணி?"

"தொடைக்கிறதுக்குப் புடிச்சு வச்சதுதான். சனிக்கெழம காலியா வச்சிட்டுப் போனேன். காலைல வந்து பாத்தா ரொம்பி வழியுது."

ஐந்து ஏசி, இரண்டு நாள். கணக்கு சரியாக உட்கார்ந்தது. தண்ணீருக்காக இவளே போட்டுவிட்டிருப்பாளோ என்றுகூட ஒரு நொடி யோசித்தான். சாவி அவளிடம் கிடையாது. செல்லமுத்துவிடம்தான்.

கேட்டடியில் டீ குடித்துக்கொண்டிருந்த செல்லமுத்துவின் முன் போய் நின்றான். "ரெண்டு நாளும் ஏசில படுத்துக் கெடந்தியா?"

"யாரு, நானா? எனக்கு அந்தக் குளிரு ஆவாதுப்பா."

"பின்ன யாரு ஓட்டுனது? பூசை முடிஞ்சதும் எல்லாத்தையும் அணைச்சிடுன்னு சொன்னேன்ல?"

"சொன்ன. ஓடுற மிஷினுக்குத்தான் கற்பூரம் காட்டணும்னு அஞ்சையும் போட்டது நீ. ரிமோட்ட எல்லாம் சாமி முன்னால படைச்சது நீ. சுவிட்சு சுவிட்சா சந்தனம் வச்சது நீ. போவும்போது என்ன சொன்ன? 'மறுபூசை போடுற வரைக்கும் இதுல யாரும் கை வைக்கப்படாது'ன்ன. பொட்டு வச்ச பொருள நான் எப்படி எடுக்கறது? இன்னைக்கு அஞ்சு மணிக்குக் குளிச்சிட்டு, கற்பூரம் காட்டிட்டுத்தான் ஒண்ணொண்ணா அணைச்சேன்."

வருஷா வருஷம் சொல்கிற வார்த்தை. பழக்கத்தில் சொல்லிவிட்டுப் பொரிப் பொட்டலத்தோடு கீழப்பழுவூர் பஸ்ஸைப் பிடிக்க ஓடியது நினைவுக்கு வந்தது.

பத்து மணிக்கு மேலாளர் இருவரையும் கூப்பிட்டார். "இருநூத்தி அறுபது. எப்படி?"

வாட்ச்மேன் அணைக்க மறந்துவிட்டார் என்று சொல்ல வாயெடுத்தான் அழகேசன். பக்கத்தில் செல்லமுத்து தொண்டையைச் செருமினார். முந்திக்கொள்ளப் போகிறான் கிழவன் என்று பட்டது. அவர் போட்டுக்கொடுத்து மாட்டுவதைவிடத் தானே சொல்லிவிடுவது மேல். பொட்டிலிருந்து பொரி வரைக்கும் கொட்டிவிட்டான். நேர்மை அல்ல, பயம்.

கலைச்செல்வன் கேட்டு முடித்து, மேசையில் இருந்த ரிமோட்டைத் திருப்பிப் பார்த்தார். சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினார்.

"மாசக் கடைசி வரைக்கும் வாங்க. திருச்சி ஆள் வந்ததும் எந்த ஒயரு எங்க போவுதுன்னு காட்டிக் குடுத்துட்டுப் போங்க."

வெளியே வந்ததும் செல்லமுத்து தலையில் அடித்துக்கொண்டார். "ஏன்டா உளறுன? நான் வாயே தொறந்திருக்க மாட்டனே. மறதியா விட்டுட்டேன்னு சொல்லலாம்னுதான் நின்னேன். வயசான ஆளு, திட்டிட்டு விட்டிருப்பாரு."

அழகேசன் அவர் முகத்தைப் பார்த்தான். வேலை போன பிறகு யார் வேண்டுமானாலும் இப்படிப் பேசலாம் என்று தோன்றியது. மொட்டை மாடித் தகடுகளைத் துடைக்கத் துணி எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினான்.