சாய்த்து வைத்த ஆமை

"பையனுங்க மட்டும் இல்லண்ணே, பொண்ணுங்களும் உன் லாஞ்சுல ஏறணும்" என்றாள் செங்கொடி.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தவன் கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தான். அந்த விசைப்படகின் முதலாளி சுப்புராஜுக்கு வாயில் இருந்த வெற்றிலையை மெல்லுவதா துப்புவதா என்று தெரியவில்லை. வேலைக்குச் சேர்ந்த அன்றே ஹெட்மாஸ்டர் கிருஷ்ணப்பன் அவளிடம் சொல்லிவைத்திருந்தார்: "ஃபேன் கேளும்மா, நோட்டு கேளு, ஆண்டு விழாவுக்குப் பந்தல் கேளு. சுப்புராஜ் இல்லன்னு சொல்ல மாட்டாரு. பொம்பளைய லாஞ்சுல ஏத்துன்னு மட்டும் கேட்டுடாதே."

"பசங்கள தாராளமா ஏத்திக்க. பொண்ணுங்க கரையில நின்னு பாக்கட்டும்" என்றார் சுப்புராஜ். "பொம்பள கால் பட்டா மீன் படாது."

"நீ புடிக்கிற மீன தலையில தூக்கினு தெருத்தெருவா கத்தி விக்கிறது யாரு? மீனு அவங்க தலையில ஏறலாம், அவங்க லாஞ்சுல ஏறக்கூடாதா?"

கூடையோடு நின்ற இரண்டு மூன்று பெண்கள் சத்தமாகவே சிரித்துவிட்டார்கள். சுப்புராஜின் முகம் சிவந்தது. "இன்னா வாயி இது! நீ டீச்சரா?"

"ஏழாங்கிளாஸ். அறிவியல்."

எல்லாம் ஜனவரியில், அழிந்துவரும் உயிரினங்கள் பாடத்தில் ஆரம்பித்தது. புலி, வரையாடு, சிங்கவால் குரங்கு என்று அறுபது பிள்ளைகளும் ஒரே ராகத்தில் ஒப்பித்தார்கள். எவரும் வாழ்நாளில் பார்த்திராத பிராணிகள். ஜன்னல் வழியே நாற்றம் வந்தது. பள்ளிக்குப் பின்னால், கடலரிப்பைத் தடுக்கப் போட்ட பாறைகளில், ஊதிப்போன ஆமை ஒன்று கிடந்தது.

"அது உங்க லிஸ்டுல இல்லியா?" என்று கேட்டாள் செங்கொடி.

"அது இங்கியே கீதே டீச்சர்!" என்றாள் ஸ்டெல்லா, டீச்சருக்கு இதுகூடத் தெரியவில்லையே என்ற பரிதாபத்தோடு.

வலையில் ஆமை வந்தால் அப்பா என்ன செய்வார் என்று அவளையே கேட்டாள். சுப்புராஜின் லாஞ்சை ஓட்டுகிற ஜார்ஜின் மகள் அவள். "நைனா சிலுவ போட்டுட்டு ஒடனே கடல்ல வுட்டுடும் டீச்சர். பாவம் சேரக்கூடாதுன்னு." செங்கொடிக்குத் தூக்கிவாரிப்போட்டது. மணிக்கணக்காக வலைக்குள் மூச்சு முட்டி மயங்கிக் கிடப்பதை அப்படியே தண்ணீரில் விட்டால் அது மூழ்கித்தான் சாகும். கொன்றது இவர்களுடைய இரக்கம். விலங்கியல் படித்த மூன்று வருஷத்தில் அவள் மனதில் தங்கிய ஒரு துண்டுப் பிரசுரம் அப்போது கைகொடுத்தது. கரும்பலகையில் படம் போட்டாள்: வால் பக்கத்தைக் கயிற்றுச் சுருளின்மேல் உயர்த்திச் சாய்த்து வை. ஈரச்சாக்கால் மூடு, மூக்கை மூடாதே. நுரையீரல் தண்ணீர் வடியட்டும். அரை நாளானாலும் காத்திரு.

அறுபது பிள்ளைகளும் அதை அறுபது வீட்டுக்கும் கொண்டுபோனார்கள். மூன்றாவது வாரம் ஸ்டெல்லா மூச்சிரைக்க ஓடிவந்தாள். "டீச்சர், நைனா ஒண்ண அப்டியே சாச்சி வெச்சிச்சாம்! நாலு மணி நேரம் பொணமாட்டம் கெடந்துச்சாம். அப்பறம் புஸ்ஸுன்னு மூச்சு வுட்டுச்சாம்!"

அன்று முழுக்கச் செங்கொடி யாரையும் திட்டவில்லை. பிள்ளைகள்தான் கொஞ்சம் பயந்துபோனார்கள். வியாசர்பாடி ஹவுசிங் போர்டு வீட்டில், மூட்டை தூக்கும் பக்தவச்சலத்தின் மகளாகப் பிறந்து, சாதிச் சான்றிதழிலிருந்து கல்லூரி விடுதிவரை ஒவ்வொன்றையும் சண்டைபோட்டே வாங்கியவள் அவள். கோபம் இல்லாமல் வயிறு நிறைவது அவளுக்கே புதிதாக இருந்தது. அந்த மூச்சைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்க வேண்டும் என்றுதான் சுப்புராஜிடம் போய் நின்றாள்.

மறுநாள் காலையிலேயே ஹெட்மாஸ்டர் கூப்பிட்டார். மேசையில் கடிதம் தயாராக இருந்தது. திரு. சுப்புராஜிடம் மன்னிப்புக் கோருகிறேன், இனி மாணவிகளைத் துறைமுகத்துக்கு அழைத்துச் செல்ல மாட்டேன். கீழே அவள் பெயர்.

"ஜூன்ல உன் வேலைய நிரந்தரம் பண்ணணும்மா. ஸ்கூல் கமிட்டியில சுப்புராஜும் ஒரு ஆளு. உங்கப்பா மூட்டை தூக்கிப் படிக்க வெச்சவரு. அவரை நெனச்சு ஒரு கையெழுத்து போடு" என்றார் கிருஷ்ணப்பன். கெட்ட மனிதர் இல்லை. பேனாவைத் திறந்து அவரே நீட்டினார்.

வாசலில் ஸ்டெல்லா எட்டிப் பார்த்தாள். "டீச்சர்! விடிகாலைல வலையில ஆமை ஒண்ணு வந்துச்சாம். கண்ணு தொறந்துகினு கீதாம். நைனா, முதலாளிகிட்ட நான் பேசிக்கிறேன், பொண்ணுங்களயும் இட்டாரச் சொல்லு, எல்லாரையும் ஏத்தறேன்னு சொல்லுச்சு. ரொம்ப நேரம் வெச்சினு இருக்க முடியாதாம்."

செங்கொடி அப்பாவின் தோளை நினைத்தாள். காய்த்துப்போன அந்த மேட்டை ராத்திரி தடவிக்கொண்டே, "எவன் கால்லயும் வுழாத வேலைக்குப் போ" என்று சொல்லும் அப்பா. கையெழுத்துக் கேட்டது அந்த மனிதரின் பெயரால்.

பேனாவை வாங்கினாள். மூடியைப் போட்டுக் கடிதத்தின் மேல் வைத்தாள்.

"மை காஞ்சிடும் சார்."

"செங்கொடி, வெளிய போனீன்னா..."

"தெரியும் சார். போய்ட்டு வரேன்."

வகுப்பில் எழுந்து நில்லுங்கள் என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. செருப்பு மாட்டிக்கொண்டு தயாராக நின்றிருந்தார்கள். கேட்டைத் தாண்டியதும் ஹார்பருக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக உறுமிக்கொண்டு வந்தன. அவள் நடுரோட்டில் இறங்கிக் கையை உயர்த்தினாள். முதல் லாரி பிரேக் போட்டுச் சீறி நின்றது. அதன் பின்னால் அடுத்தது, அடுத்தது என்று திருவொற்றியூர் பக்கம் கண்ணுக்கெட்டிய வரை நின்றன. டிரைவர் தலையை நீட்டித் திட்ட வாயெடுத்து, பிறகு ஸ்டியரிங்கில் மோவாயை ஊன்றிக்கொண்டு பார்த்தான். இரண்டிரண்டு பேராகக் கைகோத்து, பெண்பிள்ளைகள் முதலில் கடந்துகொண்டிருந்தார்கள்.