முழு வேகத்தில் நான்கு கப்பல்கள்

அன்று காலை பத்தரை மணிக்கு, இட்லி தின்று கழுவிய கை காய்வதற்குள், என்னுடைய நான்கு விமானந்தாங்கிக் கப்பல்களையும் செத்துத் தொலையுங்கள் என்று தெற்கே அனுப்பி வைத்தேன். நான் ஜப்பான். திருப்போரூரில் எங்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியில் போட்டிருக்கும் மேஜைதான் என் தலைமையகம். எதிரி கோவளத்தில் இருக்கிறான். பெயர் ஸ்டான்லி. அவன் அமெரிக்கா.

பசிபிக் கடல் யுத்தத்தை ஒவ்வொரு நாளாகத் திரும்ப நடத்துகிற கணினி விளையாட்டு அது. அந்த நாளைக்கு எந்தக் கப்பல் எங்கே போக வேண்டும், எந்த விமானம் எங்கே தேட வேண்டும் என்று நான் கட்டளை போட்டு மெயிலில் அனுப்புவேன். அவன் தன்னுடைய கட்டளைகளைப் போட்டு ஓட விடுவான். யார் யாரைக் கண்டுபிடித்தார்கள், எவன் மூழ்கினான் என்பது இரண்டு பேருக்கும் படமாக வரும். இப்படியே ஒன்றரை வருஷ யுத்தத்தை இரண்டு வருஷமாக நடத்தி வந்தோம். அவனுக்கு ஷிப்ட் வேலை, எனக்குச் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம், காதுகுத்து. யுத்தம் அதற்கெல்லாம் காத்திருந்தது.

நான் அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். தாமோதரன் என்றால் டெப்போவில் தெரியும். கோவளம் வழியாக மாமல்லபுரம் போகும் வண்டியில் இன்ஜினுக்குப் பக்கத்துச் சீட்டை யாருக்கும் விடாமல் பிடித்துக்கொண்டு வருவான் ஸ்டான்லி. நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் அவனுக்குக் கன்ட்ரோல் ரூம் வேலை. கடலோரத்தில் பிறந்தும் படகேறாத குடும்பம். அவன் அப்பா காலம் முழுக்க அடுத்தவர் கழனியில் நாற்று நட்டவர். இவனுக்கு மட்டும் எங்கிருந்தோ கப்பல் பைத்தியம் ஒட்டிக்கொண்டது. போனில் பழைய யுத்தக் கப்பல் படங்களைக் காட்டிக் காட்டி, கடைசியில் எனக்கும் அதை ஒட்டவைத்துவிட்டான். நான் ஓய்வு பெற்ற மறுவாரமே லேப்டாப்போடு வீட்டுக்கு வந்து, "எண்ணெய் இல்லாத நாடு ஒண்ணு கீது அண்ணாத்த, உனுக்குன்னே செஞ்சு வெச்சா மாரி" என்று ஜப்பானை என் தலையில் கட்டினான்.

அவன் சொன்னதில் அர்த்தம் இருந்தது. டெப்போவில் மாசா மாசம் ஒரு பட்டியல் ஒட்டுவார்கள், எந்த டிரைவர் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் எடுத்தான் என்று. அதில் என் பெயர் முதல் மூன்றுக்குக் கீழே இறங்கியதில்லை. சிக்னலுக்கு இருநூறு அடி முன்னாலேயே காலை எடுத்துவிடுவேன். பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தே செத்தாலும் எனக்குக் கவலையில்லை. கப்பலையும் அப்படித்தான் ஓட்டினேன்.

ஆட்டத்தைவிட அதற்குப் பிறகு வரும் போன்தான் எனக்கு முக்கியம். படம் ஓடி முடிந்த அஞ்சாவது நிமிஷம் ஸ்டான்லி கூப்பிடுவான். "இன்னா அண்ணாத்த, டேங்கர் ஒண்ணு காணோமாமே, டெப்போல எழுதிக் குட்த்தியா?" என்பான். அடி வாங்கியது அவனாக இருந்தால் இன்னும் சத்தமாகப் பேசுவான். அந்தக் குரலை இத்தனை தூரத்திலிருந்து கேட்க எனக்குப் போனே தேவையில்லை என்று சகுந்தலா சொல்வாள். சகுந்தலா என் மனைவி.

பங்குனியில் அவன் தொண்டையில் கட்டி என்றார்கள். புற்றுநோய். குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு ஓட்டை, அது வழியாகத்தான் இனி மூச்சு. மிச்சம் எல்லாம் நல்லபடியாக ஆறியது. ஸ்கேன் சுத்தமாக இருக்கிறது என்று அவன் மனைவி ரெஜினா அழுதுகொண்டே சொன்னாள். கழுத்தில் வைத்து அழுத்தினால் பேச்சு வருகிற, ஷேவிங் மிஷின் அளவுக்கு ஒரு கருவியும் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு தடவை அதை வைத்துப் பேசிப் பார்த்தான். தன் காதில் விழுந்ததைக் கேட்டதும் டப்பாவில் போட்டு மூடிவிட்டான். அதற்கப்புறம் திறக்கவில்லை. ஆலையில் அவன் நாற்காலி அப்படியே இருந்தது. வாக்கி டாக்கியில் பேச முடிந்தால் வந்து உட்காரலாம், மாசக் கடைசிக்குள் சொல்லுங்கள் என்று மேலதிகாரி வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். டப்பா டிவிக்குப் பக்கத்திலேயே கிடந்தது.

ஆட்டத்தை மட்டும் அவன் விடவில்லை. மெயில் வரும், உள்ளே கோப்பு இருக்கும், ஒரு எழுத்து இருக்காது. முன்பெல்லாம் கோப்போடு நாலு வரி நக்கல் இருக்கும். ஆறு வாரம் அந்த வெறும் மெயிலைப் பார்த்துப் பார்த்து எனக்கு மனசு ஆறவில்லை. ஜெயித்தால் ஒரு சந்தோஷம் வரும், சந்தோஷம் வந்தால் வாயைத் திறப்பான் என்று நினைத்தேன். அதனால்தான் நான்கு கப்பல்களையும் என் கடற்படைத் தளமான ட்ரூக் தீவிலிருந்து முழு வேகத்தில், கூட ஒரு எண்ணெய்க் கப்பல்கூட இல்லாமல், அவன் விமானங்களின் வாய்க்குள் நேராக ஓட்டினேன். அவற்றைச் சேர்க்க எனக்கு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. இருந்தும் பட்டனை அழுத்தினேன்.

அவன் அடிக்கவில்லை.

மறுநாளும் அடிக்கவில்லை. அவன் விமானம் ஒன்று என் தலைக்கு மேலேயே வந்து வட்டம் போட்டுப் பார்த்துவிட்டுப் போனது. கண்ணை மூடிக்கொண்டு குண்டு போட்டிருந்தாலும் நாலில் ரெண்டு காலி. அவன் கப்பல்களோ தெற்கே விலகிப் போய்க்கொண்டிருந்தன. மூன்றாம் நாளிலிருந்து கோப்பே வரவில்லை. நாலு நாள் பார்த்தேன். சகுந்தலா, "கப்பல பாத்துகினு உக்காந்துகினா கப்பல் வந்துடுமா? போய் ஆள பாரு" என்று வண்டிச் சாவியை எடுத்து மேஜையில் போட்டாள்.

கேளம்பாக்கத்தில் திரும்பி உப்பளத்தைத் தாண்டிப் போனேன். வெயில் வெள்ளையாக அடித்தது. ஸ்டான்லி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். கழுத்தில் வெள்ளைத் துணி. இளைத்திருந்தான், ஆனால் சட்டையை அயர்ன் பண்ணிப் போட்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போய்விட்டான். ரெஜினா டீ கொண்டு வந்து வைத்து, "கோவமா கீறாரு அண்ணா, இன்னா ஏதுன்னு சொல்ல மாட்றாரு. லேப்டாப்ப மூடி வெச்சிட்டாரு" என்றாள். அதற்குள் அவன் பிள்ளைகள் எழுதி அழிக்கிற பலகை ஒன்றோடு திரும்பி வந்து எதிரில் உட்கார்ந்தான். எழுதி என் முகத்துக்கு நேரே நீட்டினான்.

'ட்ரூக்லேர்ந்து முழு வேகம். டேங்கர் இல்ல. இன்னா இது?'

"அவசரம்டா. சீக்கிரம் முடிச்சிடலாம்னு பாத்தேன்" என்றேன்.

துடைத்தான். எழுதினான். 'நீ ஆம்புலன்ஸ் ஓட்னாகூட நாப்பதத் தாண்ட மாட்ட.'

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் சிரிக்கவில்லை. எவ்வளவு பெரிய முட்டாள் நான். இரண்டு வருஷம் என் ஒவ்வொரு கப்பலையும் எதிரில் உட்கார்ந்து பார்த்தவன். அதற்கு முன் ஒன்பது வருஷம் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து, நான் கியர் போடுவதையும் காலை எடுப்பதையும் பார்த்தவன். யாரை ஏமாற்றினாலும் இவனை டீசலில் ஏமாற்ற முடியுமா? அவன் பலகையை மறுபடி துடைத்தான். இந்த முறை மெதுவாக எழுதினான்.

'நா போய்டுவேன்னு முடிவு பண்ட்டியா?'

"இல்லடா" என்றேன். சாகப் போகிறவனுக்கு விட்டுக்கொடுப்பது போலத்தான் விட்டுக்கொடுத்திருக்கிறேன் என்பது அந்தப் பலகையைப் பார்த்தபோதுதான் எனக்கே உறைத்தது. வெட்கமாக இருந்தது. ரெஜினா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அவன் பலகையை என் பக்கம் திருப்பினான். 'பத்து நாள் தர்றேன். வூட்டுக்குப் போ. எண்ணெய் ரொப்பு. அப்பால ஒயுங்கா வந்து அடி.'

"ஒயுங்கா அடிச்சா தாங்குவியா?"

'நீ அடிச்சிட்டாலும்!'

ஆறு வாரத்துக்குப் பிறகு, கோபம் கலக்காமல் வந்த முதல் நக்கல். கையெழுத்தில் வந்தால் என்ன. எனக்குத் தெம்பு வந்து, "இன்னொண்ணும் கேட்டுக்க. வெறும் மெயிலா அனுப்பிகினு கீறியே, ஒரு வார்த்த இல்லாம. அதுக்கு நான் கம்ப்யூட்டரோடவே ஆடிட்டுப் போவேனே. எனுக்கு ஒரு ஆளு வேணும்டா" என்று சொல்லி, வாசல் வழியே உள்ளே டிவிக்குப் பக்கத்தில் கிடந்த டப்பாவைப் பார்த்தேன். அவனும் பார்த்தான். பிறகு பலகையை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டுத் தெருவைப் பார்த்து உட்கார்ந்துகொண்டான். பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

மறுநாள் கோப்பு வந்தது. ஆட்டத்தில் பத்து நாள், வாக்குக் கொடுத்தபடி என் கப்பல்களைத் தொடாமல் விட்டான். நான் ட்ரூக்குக்குத் திரும்பி எல்லாத் தொட்டியையும் நிரப்பினேன். அதற்கப்புறம்தான் என் வண்டியை என் மாதிரி எடுத்தேன். மிகக் குறைந்த வேகம். முன்னாலும் பின்னாலும் எண்ணெய்க் கப்பல்கள். சாலமன் தீவுகளுக்கு நேர்வழியில் போகாமல், கிழக்கே சுற்றி, மழை மேகம் எங்கே என்று தினமும் பார்த்து அதற்கு அடியிலேயே ஊர்ந்தேன். ஸ்டான்லி ஒரு பெரிய தீவுக்குத் தெற்கே மூன்று விமானந்தாங்கிக் கப்பல்களை நிறுத்தி எண்ணெய் நிரப்பிக்கொண்டிருந்தான். அந்தத் தூரத்துக்கு என் கப்பல்கள் வந்து சேர முடியாது என்பது அவன் கணக்கு. சாதாரண டிரைவர் ஓட்டினால் அது சரியான கணக்குதான்.

அந்தப் பத்து நாளையும் சேர்த்து, ஆட்டத்தில் பதினேழாம் நாள் அவன் எனக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தான். ஆட்டத்துக்கு வெளியே மாசம் முடிய ஆறு நாள் இருந்தது. கட்டளைகளையெல்லாம் போட்டு முடித்துவிட்டு, அனுப்பாமல் உட்கார்ந்திருந்தேன். இந்த அடியில் அவன் கப்பல்களோடு சேர்ந்து அவனும் உள்ளே போய்விட்டால்? லேப்டாப்பை மூடியவன் மூடியே வைத்துவிட்டால்? ஆலை, நாற்காலி, டப்பா எல்லாம் வரிசையாகக் கண்ணில் வந்தன. கொஞ்சம் விமானத்தைக் குறைத்து அனுப்பலாமா என்றுகூடத் தோன்றியது. சகுந்தலா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே, "அனுப்பப் போறியா, இல்ல அதுக்கு நல்ல நேரம் பாத்துகினு கீறியா?" என்றாள்.

"அவன் தாங்குவானான்னு பாக்குறேன்."

"கய்த்த அறுத்தாங்க, அத்தயே தாங்குனாரு. இத்தத் தாங்க மாட்டாரா?"

ஒரு விமானத்தையும் குறைக்காமல் அனுப்பினேன்.

மாலை நாலு மணிக்குப் படம் வந்தது. என் விமானங்கள் மேகத்தை விட்டு வெளியே வந்தபோது அவன் கப்பல்கள் எண்ணெய்க் குழாயோடு நின்றுகொண்டிருந்தன. முதல் கப்பல் பத்து நிமிஷத்தில் போயிற்று. இரண்டாவது கொஞ்ச நேரம் சாய்ந்து நின்று பிறகு போயிற்று. மூன்றாவது தீப்பிடித்து எரிந்தது. இரண்டு வருஷத்தில் எனக்குக் கிடைத்த பெரிய வெற்றி. வழக்கமாக நான் இதற்கு ஒரு குத்து மேஜையில் போடுவேன். அன்று கையைக் கட்டிக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தேன். அஞ்சு நிமிஷம் போயிற்று. பத்து நிமிஷம், அரை மணி. இனி போன் வராது என்று தெரிந்தும் இத்தனை நாளும் என் காது அஞ்சாவது நிமிஷத்தில் தானாக நிமிரும். அன்று நிமிர்ந்து நிமிர்ந்து ஓய்ந்துபோயிற்று. அடுத்த நாளைக்கான கட்டளைகளைப் போட்டு அனுப்பிவிட்டு, எழுந்து கொல்லைப்பக்கம் போய்ச் செடிக்குத் தண்ணீர் விட்டேன். விட்ட செடிக்கே மறுபடியும் விட்டேன்.

சமையலறையில் சார்ஜில் கிடந்த போன் அடித்தது. சகுந்தலா எடுத்து ரெண்டு வினாடி கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். "இன்னா அது?" என்றேன். "யாரோ லோன் குடுக்கறவன். மிஷின வெச்சுப் பேச வுட்ருக்கான், ஒரு எயவும் புரியல" என்றாள்.

என் கையிலிருந்த குழாய் கீழே விழுந்து தரையெல்லாம் தண்ணீர் அடித்தது. உள்ளே ஓடினேன். நான் போய்ச் சேர்வதற்குள் போன் மறுபடியும் அடித்தது. காதில் வைத்தேன். முதலில் ஒரு இரைச்சல். அதற்குள்ளிருந்து ஏற்றமும் இறக்கமும் இல்லாமல், ஒவ்வொரு சொல்லாக, யாருடையதும் இல்லாத ஒரு குரல் வந்தது.

"கட். பண்ணாத. அண்ணாத்த."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். பின்னால் ரெஜினா அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாத சத்தம் கேட்டது. கருவி கழுத்திலிருந்து நழுவியிருக்க வேண்டும். கரகரவென்று இழுத்து, நின்று, மறுபடி பிடித்தது.

"ரெண்டு. பூட்ச்சி." ஒரு மூச்சுக்கு நின்றான். "மூணாவுது. கீது."

"கீதா?" என்றேன். என் குரல் அவனுடையதைவிட மோசமாக இருந்தது.

"வந்துகினு. கீது."

போனைக் காதிலிருந்து எடுக்காமலே மாடிப்படிக்கு அடியில் போய் லேப்டாப்பைத் திறந்தேன். அடுத்த நாளைக்கான படம் வந்திருந்தது. என் உளவு விமானம் ஒன்று தெற்கே அந்தக் கப்பலைக் கண்டிருந்தது. சின்னதாக ஒரு கப்பல் குறி, மேலே புகை, தீ இன்னும் அணையவில்லை. தப்பிப் போக வேண்டிய துறைமுகம் அதற்குப் பின்னால் இருந்தது. அது முகத்தை வடக்கே திருப்பிக்கொண்டு, முழு வேகத்தில், தன்னந்தனியாக என்னை நோக்கி வந்துகொண்டிருந்தது.