பயில்வானின் வார ஊசி

மனைவி மேஜைமேல் வைத்த பிளாஸ்டிக் டப்பாவைப் பார்த்துப் பயில்வான் ஓரடி பின்வாங்கினான்.

"என்ன இது?"

"டெஸ்டுக்கு. உங்களுக்குத்தான். வயித்துல துளை போட்டுப் பார்க்க எனக்கு நாள் குறிச்சிருந்தாங்க இல்ல? புது டாக்டரம்மா, புருஷனோட ரிப்போர்ட் எங்கேன்னு கேட்டாங்க. முழிச்சேன்."

கல்யாணமாகி நான்கு வருடம், குழந்தை இல்லை. ஸ்கேன், மாத்திரை, மறுபடி ஸ்கேன் எல்லாம் அவளுக்கே. கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவள். ஆஸ்பத்திரிக்குப் போயே லீவெல்லாம் கரைந்திருந்தது. அவனையும் சோதிக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. பார்த்தால் தோன்றாதுதான். தெருமுனையில் ஜிம் நடத்துகிறான். வாசலில் பக்கவாட்டில் திரும்பித்தான் நுழைய முடியும், அப்படித் தோள்.

கீழ்வீட்டிலிருந்து அவன் அக்கா மேலே வந்துவிட்டாள்.

"இவனுக்கா டெஸ்டு? நல்ல கூத்து! ஏம்மா, ஆபரேஷன்னா பயம்னு சொல்லிட்டுப் போயேன். என் தம்பியை ஏன் இழுக்குற?"

"பயம்தான் அண்ணி. தேவையில்லாம எதுக்கு அறுத்துக்கணும்?" என்றவள் கணவனிடம் திரும்பினாள். "நீங்க முடியாதுன்னா நான் போய்ப் படுத்துக்கிறேன். ஆனா அதை உங்க வாயால சொல்லுங்க."

அவன் டப்பாவை எடுத்துக்கொண்டான்.

முதல் ரிப்போர்ட்டை நம்பாமல் டாக்டரம்மா இன்னொரு முறையும் கேட்டு வாங்கினார். இரண்டும் ஒன்றையே சொல்லின.

"விந்துல உயிரணு ஒண்ணுகூட இல்ல."

"எனக்கா?" அவனையறியாமல் கை மடங்கிப் புஜம் திரண்டது.

"கை நல்லாத்தான் இருக்கு. அதை நான் சோதிக்கல," என்றார் அவர். "உடம்புக்கு ஏதாவது எடுத்துக்கறீங்களா?"

பயில்வான் நிமிர்ந்தான். "வாரம் ஒரு ஊசி டாக்டர். ஆம்பளை ஹார்மோன். எங்க தொழில்ல நிறைய பேர் போடறதுதான். குழந்தை தங்கலைன்னதும் ரெண்டாக்கிட்டேன். சீக்கிரம் ஆகட்டுமேன்னு..."

டாக்டரம்மா பேனாவை மூடினார்.

"தினமும் வெளியிலிருந்து சாப்பாடு வந்து குவிஞ்சா வீட்டு அடுப்பை யாரு பத்த வைப்பாங்க? ஊசி வந்துட்டே இருந்தா மூளை உள்வேலையை நிறுத்திடும். உயிரணுவும் அதோட நின்னுடும். குழந்தைக்குன்னு நீங்க போட்டுக்கிட்டதுதான் குழந்தையைத் தடுத்திருக்கு."

"திரும்ப வருமா?"

"நிறைய பேருக்கு வருது. மாசக்கணக்காகும், வருஷமும் தாண்டலாம். சிலருக்கு வராமலும் போகலாம். நீங்களா எதுவும் பண்ணாதீங்க, நான் சொல்றபடி நிறுத்துங்க. தோள் கொஞ்சம் இறங்கும்."

"எனக்கு ஆபரேஷன்?" என்றாள் மனைவி.

"உங்ககிட்ட ஒரு கோளாறும் தெரியலம்மா. இப்போ வேண்டாம்."

திரும்பும் பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

"அலமாரியில என் மாத்திரைக்குப் பக்கத்துலயே இருந்துச்சு அந்த ஊசி. ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டுறேன், எனக்குக் கண்ணுல படல."

"திட்டணும்னா திட்டிடு."

"திட்டுவேன். இன்னிக்குத் தெம்பு இல்ல. அண்ணிகிட்ட நான் பேசிக்கிறேன். ஆபரேஷனைத் தள்ளி வச்சிட்டாங்கன்னு மட்டும் சொன்னாப் போதும்," என்றாள்.

பயில்வான் தலையாட்டினான். மனசு லேசானது, அப்படி லேசானதே உறுத்தவும் செய்தது.

அக்கா வாசலிலேயே காத்திருந்தாள். "என்ன, கத்திக்குப் பயந்து நாளைத் தள்ளிட்டு வந்துட்டாளா மகராசி?"

மனைவி வாயைத் திறக்குமுன் அவன் முந்திக்கொண்டான்.

"கோளாறு எனக்குக்கா. நான் போட்டுக்கிட்ட ஊசியால வந்தது. அவளுக்கு ஒண்ணும் இல்ல."

"மெதுவாப் பேசுடா! பக்கத்து வீட்டுல கேக்கப் போகுது."

"கேக்கட்டும். நாலு வருஷமா நீ அவளைப் பேசினது கேட்டுச்சு இல்ல?"

அக்கா படியில் உட்கார்ந்துவிட்டாள். தம்பியின் தோளையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஊசி வித்தவன் சொல்லலையாடா?"

"நான் கேக்கலையே. யாருக்குக்கா இதைக் கேக்கத் தோணும்?"

"உன் ஜிம்முல வேற யாராவது போடறாங்களா?"

அவன் குரல் இறங்கியது. "ரெண்டு பேர். நான்தான் வாங்கிக் குடுத்தேன். ஒருத்தனுக்கு அடுத்த மாசம் கல்யாணம்."

"அப்புறம் இங்க என்ன மரம் மாதிரி நிக்குற? போய்ச் சொல்லுடா!" என்று அதட்டிய அக்கா, அவன் மனைவியின் முகத்தைப் பார்க்காமல் எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டாள். "உள்ள வாம்மா. காபி போடறேன்."

"சர்க்கரை தூக்கலாப் போடுங்க அண்ணி. நாலு வருஷக் கசப்பு, ஒரு டம்ளர்ல போகாது."

"போகாதுதான்," என்றாள் அக்கா மெல்ல.

பயில்வான் தெருமுனைக்கு நடந்தான். ஜிம்மில் பாட்டு அதிர்ந்துகொண்டிருந்தது. பக்கவாட்டில் திரும்பி நுழைந்தவன் முதலில் அதை நிறுத்தினான்.

"எல்லாரும் வெயிட்டைக் கீழ வச்சிட்டு இங்க வாங்கடா," என்றான்.