சாட்சிக் கூண்டில் சொன்ன முகவரி

சாட்சி சொல்ல வருகிறவர் பெயர், அப்பா பெயர், வீட்டு முகவரி மூன்றையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அந்தக் கோர்ட்டில் அதுதான் வழக்கம். ஏட்டம்மா முதல் இரண்டையும் சொல்லிவிட்டுத் தயங்கினாள். அவள் பிடித்துக் கொடுத்த கத்திக்குத்து ஆசாமியின் அண்ணன் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அவர்களுடைய அம்மா.

"ஸ்டேஷன் முகவரி போதுங்களா ஐயா?" என்று நீதிபதியைக் கேட்டாள்.

எதிர்த்தரப்பு வக்கீல் முந்திக்கொண்டார். "ஏம்மா, ஸ்டேஷன்லயேவா சமைச்சுச் சாப்பிடுறீங்க? ஊரார் வீட்டையெல்லாம் தேடிக் கண்டுபிடிக்கிறீங்க, சொந்த வீடு மறந்து போச்சா?"

சிரிப்பு எழுந்தது. நீதிபதி சிரிக்கவில்லை. ஆனாலும், "சொல்லுங்கம்மா, விதி அப்படி," என்றார்.

கதவு எண், தெரு, மாடி. அவள் சொல்லச் சொல்ல டைப்பிஸ்ட் தட்டினார். இனி நகல் கேட்டு மனுப் போடுகிற எவருக்கும் அது கிடைக்கும். அண்ணன்காரனுக்கு மனுவும் தேவையில்லை. காதைத் தீட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தான்.

சாட்சியம் முடிந்து வெளியே குழாயில் முகம் கழுவும்போது அந்த அம்மா வந்து நின்றாள். பாட்டிலில் தண்ணீர் பிடித்தபடி, திரும்பிப் பார்க்காமலே பேசினாள்.

"பெரியவன் உன் தெருப் பேரையே முணுமுணுத்துக்கிட்டு இருக்கான்மா. உனக்குப் பிள்ளைங்க உண்டான்னு வேற விசாரிக்கிறான். இன்னிக்கே வேற எங்கயாச்சும் போயிடு."

"உங்க சின்னவரை உள்ள வச்சதே நான்தானேம்மா?"

"வச்சே. அதுக்கு உன் பிள்ளை என்ன பண்ணும்?"

"நீங்க சொன்னது தெரிஞ்சா உங்களை..."

அந்த அம்மா குழாயைத் திருகி நிறுத்தினாள். நிரம்பி வழிந்த பாட்டிலை மூடிக்கொண்டு போய்விட்டாள்.

சாயங்காலம் கணவர் துணிகளை மூட்டை கட்டிக்கொண்டே பொருமினார். "நீயே போலீஸ்! உங்க ஆபீசர்கிட்ட சொல்லி வாசல்ல ரெண்டு பேரை நிறுத்தச் சொல்லக் கூடாதா? நாமதான் திருடன் மாதிரி ஓடணுமா?"

"காவல் கேட்டா எழுதிக் குடுக்கணும். யார் சொல்லித் தெரியும்னும் எழுதணும். அந்தக் காகிதத்துக்கும் வக்கீல் நகல் வாங்கிடுவாருங்க."

அவர் கை நின்றது. "அப்போ அந்தம்மா கதி?"

சீருடை இருந்தும் அந்தத் தாய்க்காக அவளால் செய்ய முடிந்தது, வாயைத் திறக்காமல் இருப்பது ஒன்றுதான். அதையாவது ஒழுங்காகச் செய்வோம் என்று நினைத்துக்கொண்டாள்.

பள்ளிப் பையை அணைத்தபடி மகள் கேட்டாள். "எந்த அம்மா? நமக்கு நல்லது பண்ணவங்களா?"

"ஆமாம் கண்ணு."

"பேரு என்ன? சாமிகிட்ட வேண்டிக்கணும்ல?"

"பேரு வேண்டாம். சும்மா வேண்டிக்கோ. சாமிக்குத் தெரியும்."

குழந்தை கண்ணை மூடி உதட்டை அசைத்தது. எதிர்வீட்டு அக்கா கதவைத் திறந்து, "எங்க, குடும்பத்தோட கிளம்பிட்டீங்க?" என்று கேட்டாள். ஏட்டம்மா சிரித்து மழுப்பிவிட்டுப் படியிறங்கினாள்.